ரெக்கைக்காரன் எப்பக்கா வருவான்?

கேம் கடை நடத்தறவங்களுக்கு மொதல்ல வேண்டியது டிவியும் இல்ல, மிஷினும் இல்ல; ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு முப்பது வாட்டி கேட்டாலும் கால்ல இருக்கற செருப்பு கால்லயே இருக்கணும், அந்தப் பொறுமைதான். எங்க கடையில அந்தக் கேள்வி இதுதான்: "அக்கா, ரெக்கைக்காரன் மூணு எப்பக்கா வருவான்?"

நான் எஸ்தர். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற சந்துல, பரோட்டா கடைக்கு மேல் மாடியில ஒரு ரூமு. நாலு டிவி, நாலு மிஷினு, எட்டு பிளாஸ்டிக் சேரு, சத்தம் மட்டும் குடுக்கற ஒரு ஃபேனு. அதான் என் கடை. இதுக்கு முன்னாடி பன்னெண்டு வருசம் ஒரு கம்பெனியில நின்னுக்கினே செல்போனுக்கு மூடி போட்டேன். காலு ரெண்டும் வீங்கிப் போயி, போதும்டா சாமின்னு வெளிய வந்து, உக்காந்து பாக்கற வேலையா பாத்துத் தொடங்கினது இது. வர்றவங்க பூரா சிப்காட் ஆளுங்கதான். காலை ஷிஃப்டு ரெண்டு மணிக்கு உட்டா, ரெண்டே காலுக்கு எங்க படிக்கட்டுல சேஃப்டி ஷூ சத்தம் தடதடன்னு கேக்கும்.

ரெக்கைக்காரன்ங்கற பேரு நாங்களா வெச்சது. டப்பா மேல இங்கிலீசுல நீளமா என்னமோ போட்டிருக்கும், அதை இங்க யாரும் சொல்றதில்ல. இரும்பு ரெக்கை மாட்டிக்கினு ஒரு துறைமுகத்து ஊரைக் காப்பாத்தற ஆளு அவன். ஒலகம் பூரா பேரு வாங்கின கேமு. மொத பாகத்துல அவனுக்கு ரெக்கை கிடைக்கும். ரெண்டாவது பாகம் முடியற எடத்துல, மணிக்கூண்டு சரியும்போது, வலது பக்கத்து ரெக்கை வேரோட பிச்சிக்கினு போயிடும். ஆளு கடலைப் பாத்து விழுவான். அப்புறம் திரை கறுப்பாயிடும். அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்ல மாட்டானுங்க. ரெக்கை பிஞ்சதும் ஆடற ரிமோட்டைக் கீழ வெச்சிட்டு, கடையில இருக்கற எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டணும். இது எங்க கடை வழக்கம், யாரு தொடங்கினதுன்னு தெரியல. தட்டி முடிச்சதும் எவனாவது ஒருத்தன் என்னைப் பாத்து அந்தக் கேள்வியைக் கேப்பான். கொரோனாவுக்கு முன்னாடி இருந்து கேட்டுக்கினு இருக்கானுங்க.

எதுக்காவது காத்துக் கிடந்து கண்ணு பூத்துப் போனவங்க உங்கள்ல யாராவது இருந்தா, வாங்க, ஒரு சேரை இழுத்துப் போட்டுக்குங்க. நாமெல்லாம் ஒரே சாதிதான்.

ஆளுக்கு ஒரு கை

எங்க கடையில ஒரு முறை உண்டு. வேற எந்த ஊரு கேம் கடையிலயும் நான் பாத்ததில்ல. மாசக் கடைசியில பசங்க ரெண்டு ரெண்டு பேரா வருவானுங்க. ஒரு மணி நேரத்தை ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஆடறது எல்லா எடத்துலயும் இருக்கறதுதான். இங்க அப்படி இல்ல. ஒரே ரிமோட்டை ரெண்டு பேரும் ஒண்ணா பிடிப்பானுங்க. தோளோட தோளு ஒட்டி உக்காந்துக்கினு, இடது பக்கத்தை ஒருத்தன், வலது பக்கத்தை ஒருத்தன். இடது பக்கத்து ஸ்டிக்கு ஆளை நடத்தும், திருப்பும். வலது பக்கத்து பட்டனுங்க அடிக்கும், ஒதைக்கும். வலது பக்கத்துலயே பின்னால, ஆள்காட்டி விரலுக்கு வாகா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கி அமுக்கி உட்டாத்தான் ரெக்கை அடிச்சிப் பறப்பான். ஆக ஒருத்தன் காலு, ஒருத்தன் கை. இதுக்குப் பேரு ஆளுக்கு ஒரு கை.

வேலுவும் பாஸ்கரும் இப்படித்தான் ஆடுவானுங்க. ரெண்டு பேருக்கும் கம்பி உருட்டற மில்லுல வேலை, ஒரே ரூமு. பாஸ்கர் ஆரம்பாக்கத்துக்காரன், ஆந்திரா பார்டரு, அவனுக்கு ஒலகத்துல இருக்கற எல்லாரும் நைனா. அவன் வலது பக்கம் பிடிச்சி, எப்படா அடிக்கலாம்னு துடிச்சிக்கினு இருப்பான். வேலுதான் இடது பக்கம். அவன் இன்னா பண்ணுவான்னா, சண்டை நடக்கற தெருவுக்கு நேரா கூட்டிக்கினு போவாம, ஆளை அப்படியே திருப்பி அந்த ஊரு கடற்கரையில கொண்டு போயி நிக்க வெச்சிடுவான். அலை வர்றதைப் பாத்துக்கினு நிப்பான் ரெக்கைக்காரன். பாஸ்கருக்குப் பத்திக்கினு வரும். "அங்க பாலமே எரியுது, நீ இங்க இன்னா நைனா காத்து வாங்கறே?"ன்னு ஒரு நாள் கத்தியே உட்டான். வேலு ஸ்டிக்குல இருந்து விரலை எடுக்கல. "எட்டு மணி நேரம் நெருப்பைப் பாத்துட்டு வந்திருக்கேன், அஞ்சு நிமிசம் கடலைப் பாக்க உடேன்டா."

மாமா கல்யாணம்

மூணாவது பாகத்துக்கு ஒரு தேதி சொன்னாங்க. சொன்ன அன்னிக்கே வேலு மில்லுல மூணு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டான். காரணம் போடற எடத்துல கேமுன்னு எழுத முடியுமா? மாமாவுக்குக் கல்யாணம்னு எழுதிட்டான். நீங்களும் இப்படி எதுனா எழுதியிருப்பீங்க, மறைக்காதீங்க. எழுதின ஒரு மாசத்துல தேதி தள்ளிப் போச்சு. கல்யாணமும் தள்ளிப் போச்சு சார்னு சொல்லி லீவை வாபஸ் வாங்கினான். அடுத்த தேதி வந்துச்சு. திரும்பவும் லீவு, திரும்பவும் மாமா, திரும்பவும் தள்ளிப் போச்சு.

மூணாவது வாட்டி போயி நின்னப்ப மில்லு சூப்பர்வைசர் தாளை வாங்கவே இல்லியாம். கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சிட்டு, கோவமே படாம, ரொம்ப அக்கறையா கேட்டாராம். "வேலு, உங்க மாமாவை ஒரு நாள் இங்க கூட்டிக்கினு வாயேன், ஒரு பொண்ணு இத்தினி வருசமா காத்துக்கினு இருக்குதுன்னா அந்த மூஞ்சியை நான் பாக்கணும்யா."

கிரேன்காரர்

காத்திருக்கறதுல பசங்களைச் சொல்லி இன்னா பிரயோஜனம், நானே அப்படித்தான். காலையில அடுப்பைப் பத்த வெக்கறதுக்கு முன்னாடி போனை எடுத்து, ரெக்கைக்காரனைப் பத்தி எதுனா சேதி வந்திருக்கான்னு பாத்துடணும். பாக்கலைன்னா எனக்கு டீ எறங்காது. எங்க ஊட்டுக்காரர் காட்டுப்பள்ளி துறைமுகத்துல கண்டெய்னர் எறக்கற கிரேன் ஓட்டறாரு. அவருக்கு கேமும் தெரியாது, ரெக்கையும் தெரியாது. ஒரு நாள் நாஷ்டா லேட்டாச்சு. நான் போனைப் பாத்துக்கினே தோசையைக் கருக்கிட்டேன். கருகின தோசையை மறுபேச்சு பேசாம பிச்சி சட்டினியில தொட்டுக்கினே சொன்னாரு. "லேட்டா வர்ற கப்பலு கூட எந்தக் கடல்ல நிக்குதுன்னு எங்களுக்குச் சேதி வந்துடும்; உன் ஆளு விழுந்தானே, எந்தப் பக்கம் விழுந்தான்னாவது யாரையாவது கேட்டியா?"

ஒண்டியா ஆடறவன்

லோகு கவரப்பேட்டைக்காரன். இருபத்தெட்டு வயசு. காரு கதவுக்குத் தகடு அடிக்கற பிரஸ்ஸுல ஆப்பரேட்டரு. எங்க கடையில ஆளுக்கு ஒரு கை ஆடாத ஒரே ஆளு அவன்தான். மாசக் கடைசியில காசு இல்லைன்னா வராம இருப்பானே தவிர, ரிமோட்டைப் பாதியா யாருக்கும் குடுக்க மாட்டான். பேச மாட்டான், கத்த மாட்டான், நாக்கை மட்டும் லேசா கடிச்சிக்கினு ஆடுவான். அந்த மணிக்கூண்டு சண்டைக்கு அவன் வந்துட்டான்னா மத்த மூணு டிவியும் தானா நின்னுடும். எல்லாரும் அவன் பின்னால வந்து நிப்பானுங்க. ரெக்கை அடிக்கற பட்டனை அவன் அமுக்கற மாதிரி யாரும் அமுக்கி நான் பாத்ததில்ல. வீணை வாசிக்கறவங்க விரலு மாதிரி அப்படி ஒரு மெத்து. பாத்துக்கினே இருக்கலாம்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம், பிரஸ்ஸு அவன் கையை வாங்கிடுச்சு. வலது கை. ஆள்காட்டி விரலும் நடு விரலும் மொத்தமா, மோதிர விரலு பாதி. ஆஸ்பத்திரிக்கு நான் பன்னும் திராட்சையும் வாங்கிக்கினு போனேன். இன்னா பேசறதுன்னு தெரியல, கடையில இருக்கற அந்த ஃபேனைப் பத்திப் பேசிட்டு வந்தேன். பஸ்சுல வரும்போது வாயைப் பொத்திக்கினு அழுதேன்.

மூணு மாசம் கழிச்சி ஒரு நாள் படியேறி வந்தான். கையை பேன்ட் பாக்கெட்டுல உட்டுக்கினு, கடைசி சேருல போயி உக்காந்தான். பாஸ்கர்தான் மொதல்ல எழுந்து போனான். "நைனா, நீ இடது பக்கம் பிடி, நான் வலது பக்கம் பாத்துக்கறேன்"னு ரிமோட்டை நீட்டினான். லோகு அதைத் தொடல. "ஆளுக்கு ஒரு கைன்னா ரெண்டு பேரு சேந்து ஒரு ஆளு. நான் ஒண்டியாவே ஒரு ஆளா இருந்தவன்டா"ன்னான். அப்புறம் என்கிட்ட வந்து, டிராயருல கெட்டுப் போன ரிமோட்டு எதுனா கிடந்தா குடுன்னான். ஒண்ணு கிடந்துச்சு, ஒயரு போனது. எதுக்குடான்னேன், சும்மாதான்னான். அதைச் சட்டைக்குள்ள வெச்சிக்கினு, எறங்கும்போது படிக்கட்டுல நின்னு சொன்னான். "மூணாவது வரட்டும்க்கா, அப்ப ஆடறேன்."

திருவள்ளூரு போன கதை

அன்னியில இருந்து அந்தக் கேள்வி எனக்கு வெளையாட்டா இல்லாம போச்சு. ஒத்த ரெக்கையோட விழுந்தவன் மூணாவது பாகத்துல எப்படி எழுந்து பறக்கறான்னு எல்லாருக்கும்தான் ஆசை. ஆனா லோகு அதைத் தெரிஞ்சிக்காம ரிமோட்டைத் தொட மாட்டான்னு எனக்குப் புரிஞ்சி போச்சு. தெனம் வருவான். கடைசி சேருல உக்காந்து மத்தவங்க ஆடறதைப் பாப்பான். கம்பெனியில அவனை கேட்டுல உக்கார வெச்சி, வர்ற லாரி நம்பரை இடது கையால எழுத உட்டிருந்தாங்க. அவன் கையில மிச்சம் இருக்கற விரலுங்க அந்தப் பட்டனைத் தேடறது எனக்குத் தெரியும். பாக்கெட்டுக்குள்ள அசைஞ்சிக்கினே இருக்கும்.

கை போனதுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கணும்னு திருவள்ளூரு பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. அவங்க அம்மாவால நடக்க முடியாது, நான் கூடப் போனேன். ரெண்டு பஸ்சு மாறிப் போயி, வரிசையில நின்னு, உள்ள போனோம். ஒரு டாக்டரம்மா, அம்பது வயசு இருக்கும், கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இந்தக் கையால இப்ப எதெல்லாம் செய்ய முடியலப்பா?"ன்னு கேட்டாங்க. சட்டை பட்டன் போட முடியல, சோறு பெசைய முடியலன்னு சொல்லுவான்னு பாத்தா, இந்த ஆளு தலையைக் குனிஞ்சிக்கினு, "ரெக்கை அடிக்க முடியல மேடம்"னுட்டான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. போச்சுடா, மண்டையிலயும் அடின்னு எழுதிடப் போறாங்கன்னு, நான் குறுக்க பூந்து கேமு, கடை, மூணாவது பாகம்னு மூச்சு உடாம எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா சிரிக்கல. பேனாவை மூடி வெச்சாங்க. அப்புறம் என் பக்கம் சாஞ்சி மெதுவா கேட்டாங்க. "அந்த மூணாவது நெசமாவே எப்பம்மா வரும்? எங்க ஊட்லயும் ஒருத்தன் உசிரை எடுக்கறான்."

புது ரெக்கை

போன வருசம் மூணாவது பாகத்துக்கு ஒரு சின்ன வீடியோ உட்டாங்க. ஒண்ணரை நிமிசம். யாரும் தனியா போனுல பாக்கக் கூடாது, கடையில எல்லாரும் சேந்து பெரிய டிவியிலதான் பாக்கணும்னு வேலு கண்டிசன் போட்டிருந்தான். ரெண்டரை மணிக்கு இருபது பேருக்கு மேல. ஜன்னல்ல ரெண்டு பேரு தொங்கிக்கினு இருந்தானுங்க. பரோட்டா கடைக்காரரு கூட கரண்டியோட மேல வந்து நின்னாரு. லோகு கடைசி சேருல இல்ல. அன்னிக்கு எழுந்து வந்து முன்னாடி நின்னான்.

மழை பேஞ்சிக்கினு இருக்கு. ஒரு கூரை. அது மேல யாரோ முதுகைக் காட்டிக்கினு குந்திக்கினு இருக்கான். அப்படியே எழுந்து நிக்கறான். பளபளன்னு ரெண்டு ரெக்கை விரியுது. புதுசு. பழசை உட ரெண்டு மடங்கு பெருசு. கடை இடிஞ்சி விழற மாதிரி கத்தினானுங்க. பாஸ்கர் சேரு மேல ஏறி ஆடினான். நானும்தான் கத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். கத்திக்கினே லோகுவைத் தேடினா, அவன் கதவாண்ட செருப்பு மாட்டிக்கினு இருந்தான். இன்னாடா, இன்னொரு வாட்டி போடப் போறானுங்களேன்னேன். டிவியைத் திரும்பிக் கூடப் பாக்கல அவன். "அவனுக்குப் புதுசு மாட்டி உட ஆளு இருக்குதுக்கா, நான்தான் பேஜாரு பிடிச்சவன், மிச்சம் இருக்கற ஒண்ணை வெச்சிக்கினு எப்படி ஏறுவான்னு இத்தினி நாளா யோசிச்சிக்கினு இருந்துட்டேன்."

கடைசி சேரு

அப்புறம் அவன் வரல. ஒரு வாரம் பாத்தேன், ரெண்டு வாரம் பாத்தேன். போன் அடிச்சா எடுக்கல. ரெண்டே காலுக்குப் படிக்கட்டுல ஷூ சத்தம் கேட்டா தலையைத் தூக்கிப் பாப்பேன். லோகு ஷூ போடறதை நிறுத்தி எவ்ளோ நாளாச்சு, அவனுக்கு இப்ப செருப்புதான். தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு வாட்டியும் தலை தானா தூக்கிக்கும். கூட்டம் இருக்கற நேரத்துல கூட அந்தக் கடைசி சேருல யாரையும் உக்கார உட மாட்டேன், மேல கணக்கு நோட்டைப் போட்டு வெச்சிடுவேன். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. அவன் வராத அந்த நாளுங்கள்லதான் அது எனக்கு உறைச்சிது.

ஒரு வாட்டி சிப்காட்டுல எறங்கி அவன் கம்பெனி கேட்டுக்கே போனேன். லாரிக்குப் பின்னால லாரி நிக்குது. அவன் தலை நிமிராம எழுதிக்கினு இருக்கான். இடது கை எழுத்து, ஒவ்வொரு நம்பரும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சிக்கினு. கூப்பிடாமலே திரும்பி வந்துட்டேன். அன்னிக்குக் கடையைத் தொறந்து அப்படியே உக்காந்திருந்தேன். வேலு உள்ள வந்தவன், வழக்கம் போல, "எப்பக்கா வருவான்?"னான். எனக்கு எங்க இருந்து வந்துச்சோ, "போனே எடுக்க மாட்றான்டா, நான் இன்னா பண்றது?"ன்னு கத்திட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வேலு என் எதிர்ல ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தான். "நான் கேமைத்தான் கேட்டேன்க்கா, ஆனா எனக்கும் நீ சொன்னவன்தான் மொதல்ல வரணும்."

தள்ளி வெச்ச ஞாயித்துக்கெழமை

திரும்பவும் ஒரு தேதி குடுத்தாங்க. திரும்பவும் தள்ளி வெச்சாங்க. இந்த வாட்டி அடுத்த தேதியே சொல்லல, தயாரானதும் சொல்றோம்னு ரெண்டு வரி எழுதி ஒரு கும்பிடு படம் போட்டுட்டாங்க. ஞாயித்துக்கெழமை. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து கடையைத் தொறந்தா, சாவு ஊடு மாதிரி எல்லாரும் வரிசையா உக்காந்திருக்கானுங்க. மிஷின் கூட யாரும் போடல. நான் லோகுவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். ரொம்ப யோசிக்கல. "தள்ளிப் போச்சு. எல்லாரும் இங்கதான் இருக்கோம். வா, ஒண்ணா அழலாம்."

மூணு மணிக்குப் படிக்கட்டுல செருப்புச் சத்தம். நான் தலையைத் தூக்கல, பயம். மேசை மேல டக்குன்னு ஒரு ரிமோட்டு வந்து விழுந்துச்சு. நான் குடுத்த ஒயரு போன ரிமோட்டு. வலது பக்கம், பின்னால இருக்கற அந்தப் பட்டனு தேய்ஞ்சி வழவழன்னு இருந்துச்சு. "மூணாவது வர்றதுக்குள்ள இந்த மோதிர விரலும் சுண்டு விரலும் பழகிடும்னு நெனைச்சேன்க்கா. ரெண்டு வருசமா ஊட்ல உக்காந்து அமுக்கறேன். பழகல"ன்னான் லோகு. அவ்ளோதான் சொன்னான். இத்தினி நாள் அவன் மூணாவது வரட்டும், மூணாவது வரட்டும்னு சொல்லிக்கினு இருந்தது எதுக்குன்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு. ஒவ்வொரு வாட்டி தேதி தள்ளிப் போனப்பவும் எங்களுக்கு வயிறு எரிஞ்சிது. அவனுக்கு மட்டும் பழகறதுக்குக் கொஞ்சம் நாளு கூடக் கிடைச்சிது. இப்ப நாளு நெறைய கிடைச்சிடுச்சு, ஆனா அதுவும் போதாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுச்சு.

நான் எழுந்து போயி, பெரிய டிவியில ரெண்டாவது பாகத்துக் கடைசிச் சண்டையைப் போட்டேன். கடைசி சேரு மேல இருந்த நோட்டை எடுத்துட்டு, பக்கத்துல இன்னொரு சேரு போட்டேன். நல்ல ரிமோட்டை எடுத்து, இடது பக்கத்தை அவன் பக்கமா நீட்டினேன். "நீ நடத்து, நான் அடிக்கறேன்"னேன். வேண்டாம்னு சொல்லப் போறான்னுதான் நெனைச்சேன். அவன் ரிமோட்டைப் பாத்தான், என் கையைப் பாத்தான். "நீ பட்டனை இஸ்திரி போடற மாதிரி அமுக்குவியேக்கா"ன்னான். சொல்லிட்டு உக்காந்தான். கடையில எவனும் விசில் அடிக்கல, அடிச்சா எழுந்து போயிடுவானோன்னு எல்லாருக்கும் பயம்.

மூணு வாட்டி செத்தோம். மூணும் என்னாலதான். "பொறுமையா, பொறுமையா, இப்ப, இப்ப அமுக்குக்கா"ன்னு காதாண்ட சொல்லிக்கினே இருந்தான். நாலாவது வாட்டி எனக்கே பிடிபட்டுச்சு. அவன் தோளு எப்ப சாயுதோ அப்ப அமுக்கினா போதும். ரெண்டு பேரும் ஒண்ணா சாஞ்சோம். ரெக்கைக்காரன் மணிக்கூண்டைச் சுத்தி சுத்தி ஏறினான். நாக்கைக் கடிச்சிருக்கானான்னு ஓரக்கண்ணால பாத்தேன், கடிச்சிருந்தான். கூண்டு சரிஞ்சிது. வலது ரெக்கை பிஞ்சிது.

பழக்க தோசம், நான் கையை எடுத்துட்டு எழுந்து நின்னு தட்ட ஆரம்பிச்சேன். எல்லாரும் தட்டினோம், எத்தினி நாளு கழிச்சி. லோகு எழுந்திருக்கல. கை போனதுல இருந்து அவன் தட்டறதில்ல. ரிமோட்டு அவன் மடியிலதான் இருந்துச்சு, கட்டை விரலு அந்த இடது ஸ்டிக்கு மேலயே. திடீர்னு பாஸ்கரு தட்டறதை நிறுத்தினான். "நைனா, திரும்பறான்!"னான். பாத்தா, விழுந்துக்கினு இருக்கற ரெக்கைக்காரன் மெதுவா இடது பக்கம் சாயறான். லோகு ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினான், வலது பக்கம் சாஞ்சான். மிச்சம் இருந்த ஒத்த ரெக்கை காத்துல அசையுது. இத்தினி வருசமா நாங்க எல்லாரும் ரெக்கை அடிக்கற பட்டனை ஒரு வாட்டி அமுக்கிப் பாத்து, வேலை செய்யலைன்னதும், அவ்ளோதான், இனிமே படம் ஓடுதுன்னு ரிமோட்டைக் கீழ போட்டவங்கதான். ஸ்டிக்கை யாரும் தொட்டதே இல்ல. லோகு அவனை அலைக்குத் தடுப்பா கல்லு கொட்டியிருந்த பக்கம் இருந்து மெல்ல மெல்ல ஒதுக்கி, மீன்பிடிப் படகுங்க கட்டியிருந்த எடத்துக்குக் கொண்டு போனான். எப்பவும் நடுக்கடல்ல விழறவன் அன்னிக்குப் படகுங்களுக்குப் பக்கத்துல விழுந்தான். அப்புறம்தான் திரை கறுப்பாச்சு.

கீழ பரோட்டா கொத்தற சத்தம் மட்டும் கேக்குது. லோகு கறுப்புத் திரையையே பாத்துக்கினு இருந்தான். பாக்கெட்டுல இருந்து வலது கையை எடுத்து, எல்லாருக்கும் முன்னால, முகத்தைத் துடைச்சிக்கினான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். "கேம் செஞ்சவன் ஓட்டறதுக்கு உட்டுத்தான் வெச்சிருக்கான்க்கா, ரெக்கை பிஞ்சதும் நாமதான் கையை எடுத்துட்டோம்."

மூணாவது பாகம் இன்னும் வரலீங்க, எப்ப வரும்னு என்னைக் கேக்காதீங்க, ஆனா வர்ற வரைக்கும் எங்க கடையில ஒரு வழக்கத்தை மட்டும் மாத்தி வெச்சிருக்கோம்: ரெக்கை பிஞ்சா இப்ப யாரும் கை தட்டறதில்ல.